ரோமானியத் தலைக்கவசத்துக்கு உள்மெத்தை அமைப்பது எப்படி?

வரலாற்று மறுநிகழ்த்தலுக்காக விற்கப்படும் ரோமானிய நகல் தலைக்கவசங்கள் பெரும்பாலும் 1.2 அல்லது 1.6 மி.மீ. தகட்டில் செய்தவை. இரண்டு கிலோவை ஒட்டிய எடை. உள்ளே ஒன்றுமில்லாமல் அணிந்தால் பத்து நிமிடத்தில் உச்சந்தலை வலிக்கும். தலையைத் திருப்பினால் கவசம் திரும்பாது. குனிந்தால் மூக்கில் வந்து விழும். இந்த மூன்றையும் சரிசெய்வது உள்மெத்தைதான். ஆனால் அளவே பொருந்தாத கவசத்தை எந்த மெத்தையாலும் காப்பாற்ற முடியாது. அதனால் கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன் அளவு நாடாவை எடுங்கள்.

இங்கே முதன்மையாகச் சொல்வது கி.பி. முதல் நூற்றாண்டின் இம்பீரியல் காலிக் வகைக்கு. வைசெனாவ் வகை என்பதும் இதுதான். நெற்றியின் குறுக்கே ஒரு பட்டை, காதுக்கு மேல் வளைந்த காப்பு, அகலமான கழுத்துத்தகடு, கீலில் ஆடும் இரண்டு கன்னத்தகடுகள் உள்ள கவசம். இம்பீரியல் இத்தாலிக் வகைக்கும் இதே முறை பொருந்தும். பிற்காலத்து முகடுவைத்த கவசங்களுக்கு வேறு முறை. அதைக் கடைசியில் பார்ப்போம்.

சான்று என்ன சொல்கிறது

ஒரு முழுமையான உள்மெத்தையைக் காட்டி "இப்படித்தான் எல்லாப் படைப்பிரிவிலும் இருந்தது" என்று யாரும் சொல்லிவிட முடியாது. துணியும் தோலும் மண்ணில் மக்கிப்போகும். எஞ்சியவை சிறு துணுக்குகளும் சில எழுத்துச் சான்றுகளும்தான்.

அவற்றில் மிகப் பயனுள்ளது, படைவீரராக இருந்த நான்காம் நூற்றாண்டு ரோமானிய வரலாற்றாசிரியர் அம்மியானுஸ் மார்செல்லினுஸ் எழுதியது. கி.பி. 359இல் அமிடா நகரம் பாரசீகரிடம் வீழ்ந்தபோது தப்பி ஓடியவர்களில் அவரும் ஒருவர். வழியில் ஓர் ஆழமான கிணறு, கயிறு இல்லை. உடுத்தியிருந்த லினன் துணிகளைக் கிழித்து நீளமாக முடிந்து, ஒருவன் தலைக்கவசத்துக்கு அடியில் அணிந்திருந்த தொப்பியை நுனியில் கட்டிக் கிணற்றில் இறக்கினார்கள். அது பஞ்சுபோல நீரை உறிஞ்சிக்கொண்டு மேலே வந்தது. இதிலிருந்து கைவினைஞருக்குக் கிடைப்பவை மூன்று: அந்தத் தொப்பி கவசத்திலிருந்து தனியாகக் கழன்றது, தடிமனாக இருந்தது, நீரை உறிஞ்சும் பொருளால் ஆனது.

ரோமானியப் போர்க்கலை நூல் எழுதிய வெகீட்டியுஸ், தம் காலத்துக்குச் சற்று முன்புவரை வீரர்கள் எப்போதும் பன்னோனியத் தோல் தொப்பி (பன்னோனியா, தன்யூப் ஆற்றங்கரையில் இருந்த ரோமானிய மாகாணம்) அணிந்ததாகவும், போரில் கவசம் பாரமாகத் தோன்றாமல் இருக்கவே அந்தப் பழக்கம் என்றும் எழுதுகிறார். கிரேக்கப் பக்கம் போனால், அரிஸ்டாட்டில் ஒருவகை அடர்த்தியான கடற்பஞ்சைப் பற்றிச் சொல்கிறார். அடியின் ஓசையை அடக்குவதற்காகத் தலைக்கவசங்களுக்கும் கால்கவசங்களுக்கும் அதை உள்ளே வைத்தார்களாம்.

இம்பீரியல் வகைக் கவசங்களின் கிண்ணத்தில் (மண்டையை மூடும் பகுதியில்) உள்ளுறையைப் பிடித்துவைப்பதற்கான ஆணி வரிசை பொதுவாகக் கிடையாது. ஆகவே இரண்டே வழிகள் நியாயமானவை: உள்ளே ஒட்டிய மெத்தை, அல்லது தனித் தொப்பி. பல நகல்களில் ஆலையிலேயே பொருத்தி வரும், உச்சியில் நாடாவால் சுருக்கும் தோல் வலை இருக்கிறதே, அதற்கு இம்பீரியல் வகைக் கவசங்களில் சான்று இல்லை. நவீனப் படைக் கவசங்களின் தொங்கல் அமைப்புக்கு உறவு. கழற்றி எறியுங்கள்.

புதியவர்களுக்கு எங்கள் பரிந்துரை: தைத்த தனித் தொப்பி ஒன்று, தேவைப்பட்டால் அதற்குத் துணையாகக் கவசத்துக்குள் மெல்லிய ஃபெல்ட் (இழையை நெய்யாமல் அழுத்தித் திரட்டிய துணி) ஒட்டு. தொப்பியைத் துவைக்கலாம், உலர்த்தலாம், தவறினால் பிரித்துத் தைக்கலாம். ஒட்டியதைப் பிரிப்பது பெரும்பாடு.

அளவெடுத்தல்

புருவத்துக்கு இரண்டு விரல் மேலே தலையின் சுற்றளவை எடுங்கள். பிறகு கவசத்தின் உட்சுற்றளவை, விளிம்பிலிருந்து இரண்டு செ.மீ. உள்ளே, நாடாவை உள்சுவரில் ஒட்டிவைத்து எடுங்கள். இரண்டுக்குமான வித்தியாசத்தை 6.3ஆல் வகுத்தால் சுற்றிலும் உள்ள சராசரி இடைவெளி கிடைக்கும். தலை 58 செ.மீ., கவசம் 66 செ.மீ. என்றால் 8 ÷ 6.3, ஏறத்தாழ 13 மி.மீ.

இடைவெளி 4 மி.மீ.க்குக் குறைவு என்றால் கவசம் சிறியது, மாற்றிவிடுங்கள். 5 முதல் 8 மி.மீ. வரை தொப்பி மட்டும் போதும். 9 முதல் 14 வரை தொப்பியும் ஃபெல்ட்டும். 18 மி.மீ.யைத் தாண்டினால் கவசம் பெரியது. மெத்தையை ஏற்றிக்கொண்டே போனால் தலைக்கும் தகட்டுக்கும் தொடர்பு அறுந்து, திரும்பும்போதெல்லாம் கவசம் தாமதித்துத் திரும்பும். தொலைவிலிருந்து பார்ப்பவருக்குக் காளான்போலவும் தெரியும்.

சராசரி மட்டும் போதாது. மனிதத் தலை நீள்வட்டம். மலிவான நகல்களின் கிண்ணமோ கிட்டத்தட்ட வட்டம். முன்னும் பின்னும் இறுக்கமாகவும் பொட்டுப் பக்கம் தொளதொளவென்றும் இருக்கும். உண்மை இடைவெளியைக் கண்டுபிடிக்க எளிய வழி: பிசைந்த கெட்டி மாவில் எலுமிச்சை அளவு ஐந்து உருண்டைகள் செய்து, ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, நெற்றி, பின்மண்டை, இரு பக்கம், உச்சி ஆகிய இடங்களில் கவசத்துக்குள் ஒட்டுங்கள். கவசத்தைத் தலையில் வைத்து, சரியான உயரத்துக்கு வரும்வரை மெல்ல அழுத்துங்கள். கழற்றி, நசுங்கிய உருண்டைகளின் தடிமனை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இந்த ஐந்து எண்கள்தான் இனிமேல் செய்யும் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

சரியான உயரம் எது? முன்விளிம்பு புருவத்துக்கு இரண்டு விரல் மேலே நிற்கவேண்டும். காது, செவிக்காப்பின் வளைவுக்குள் அடங்கவேண்டும். நிமிர்ந்து வானத்தைப் பார்த்தால் கழுத்துத்தகடு முதுகில் இடிக்கக்கூடாது. பெரும்பாலான புதியவர்கள் கவசத்தை மிகவும் தாழ்வாக அணிகிறார்கள். உச்சி மெத்தை மெலிந்திருப்பதே காரணம். கன்னத்தகட்டின் கீல் பொட்டுக்கு நேராக வராமல் கன்ன எலும்பில் வந்து இடித்தால் கவசம் தாழ்ந்திருக்கிறது என்று பொருள்.

பொருள்கள்

தொப்பிக்கு நடுத்தர எடை லினன் அரை மீட்டர். 2 முதல் 3 மி.மீ. தடிமனுள்ள கம்பளித் துணி அரை மீட்டர் (பழைய கம்பளிப் போர்வை மிகப் பொருத்தம்). லினன் நூல், தேன்மெழுகு, தடித்த ஊசி. ஓரம் கட்ட 3 செ.மீ. அகலமுள்ள மெல்லிய ஆட்டுத்தோல் பட்டை 65 செ.மீ. கவசத்துக்குள் ஒட்ட 5 மி.மீ. கம்பளி ஃபெல்ட் 30 × 60 செ.மீ. துண்டு ஒன்று. கட்டுவதற்கு 5 அல்லது 6 மி.மீ. அகலத்தில் 70 செ.மீ. நீளத் தோல்வார் இரண்டு.

கைவினைக் கடைகளில் வண்ண வண்ணமாகக் கிடைக்கும் ஃபெல்ட் பெரும்பாலும் செயற்கை இழை. அது வியர்வையை உறிஞ்சாது. வெயிலில் தலை வெந்துபோகும். ஒரு நூலைக் கிள்ளித் தீயில் காட்டுங்கள். முடி கருகிய நாற்றம் வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. உருகிக் கெட்டியான மணியாகத் திரண்டால் செயற்கை. பருத்திப் பஞ்சும் வேண்டாம். நனைந்ததும் கட்டியாகி ஓரத்தில் ஒதுங்கிவிடும். ஆட்டு ரோமத்தோல் அழகாக இருக்கும், ஆனால் ரோமம் சீக்கிரம் படிந்து கவசம் ஆட ஆரம்பிக்கும்.

கவசத்தின் உட்புறத்தைத் தயார்செய்தல்

உள்ளே எண்ணெயும் அரக்கும் பூசி அனுப்பியிருப்பார்கள். அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, இரும்புப் பஞ்சால் தேய்த்து, துரு இருந்தால் முழுவதும் எடுத்துவிடுங்கள். காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். அடுத்து, உட்புறம் முழுக்க விரலை ஓட்டிப்பாருங்கள். நெற்றிப்பட்டையின் ஆணி முனைகள், கீல் ஆணிகள், கழுத்து வளையத்தின் கால்கள், மேலே சூட்டு (கவசத்தின் உச்சியில் நிற்கும் இறகு அல்லது குதிரைமயிர் அலங்காரம்) வைக்கும் பொருத்தியின் மடக்கிய நாக்குகள் எல்லாம் உள்ளேதான் நீட்டிக்கொண்டிருக்கும். கூர்மையை அரத்தால் மழுக்குங்கள். உச்சிப் பொருத்தியின் மேல் 2 மி.மீ. தோல் வில்லை ஒன்றை ஒட்டிவிடுங்கள். மேலிருந்து ஓர் அடி விழுந்தால் முதலில் மண்டையில் இறங்குவது அந்த நாக்குதான்.

இரும்புக் கவசம் என்றால் உள்ளே ஒரு பூச்சு வார்னிஷ் அடித்து இரண்டு நாள் உலரவிடுங்கள். மெத்தைக்கு அடியில் சிக்கும் வியர்வை வெளியே தெரியாமல் இரும்பை அரிக்கும். தேன்மெழுகோ ஆளிவிதை எண்ணெயோ பூசுவதாக இருந்தால் ஃபெல்ட் வராத இடங்களில் மட்டும். மெழுகின் மேல் எந்தப் பசையும் பிடிக்காது. பித்தளைக் கவசத்தில் தோல் நேரடியாகப் படும் இடங்களில் பச்சைக் களிம்பு ஏறும். அங்கேயும் வார்னிஷ் உதவும்.

தொப்பி தைத்தல்

நான்கு இதழ்கள் கொண்ட அரைக்கோளத் தொப்பி இது. முதலில் லினனைத் துவைத்துச் சுருங்கவிட்டு இஸ்திரி போடுங்கள். பிறகு 80 × 25 செ.மீ. அளவில் லினன், அதன்மேல் இரண்டு அல்லது மூன்று அடுக்குக் கம்பளி, மீண்டும் லினன் என அடுக்கி, 2.5 செ.மீ. இடைவெளியில் நேர்கோடுகளாக ஓட்டுத்தையல் போடுங்கள். தையல் ஒவ்வொன்றும் 5, 6 மி.மீ. நூலை மெழுகில் இழுத்துக்கொள்ளுங்கள். இறுக்கிப் பிடிக்கவேண்டாம், இறுக்கினால் மெத்தை பலகையாகிவிடும். மூன்று அடுக்குக் கம்பளி வைத்தால் முடிந்த தடிமன் 7, 8 மி.மீ. வரும், தலையில் வைத்ததும் சற்று அமுங்கும்.

இதழ்களை வெட்டிய பிறகு இந்தத் தையலைப் போடக்கூடாது. தையல் துணியைச் சுருக்கும். ஒவ்வொரு இதழும் ஒவ்வோர் அளவில் சுருங்கி, தொப்பி கோணலாகும். தைத்த தட்டையான துணியிலிருந்துதான் இதழ்களை வெட்டவேண்டும்.

தலைச் சுற்றளவுடன் 3 செ.மீ. சேர்த்து நான்கால் வகுங்கள். 58 என்றால் 61 ÷ 4, அதாவது 15.3 செ.மீ.; இது இதழின் அடி அகலம். உயரத்துக்கு, நெற்றியிலிருந்து உச்சி வழியாகப் பிடரி வரை அளந்து பாதியாக்கி 1 செ.மீ. கழியுங்கள், பலருக்கு 17 செ.மீ. வரும். பாதி உயரத்தில் அகலம் 11 செ.மீ., முக்கால் உயரத்தில் 6 செ.மீ., உச்சியில் கூர்முனை. இந்தப் புள்ளிகளை வளைகோட்டால் இணையுங்கள். நேர்கோட்டால் இணைத்தால் கோமாளியின் கூம்புத் தொப்பிதான் கிடைக்கும். சுற்றிலும் 1 செ.மீ. தையலுக்கு விட்டு வெட்டுங்கள்.

இப்போது பலர் தவறும் இடம். தையலுக்கு விட்ட அந்த 1 செ.மீ. பகுதியில் லினனைப் பிரித்து, உள்ளே இருக்கும் கம்பளியை மட்டும் நறுக்கி எடுத்துவிடவேண்டும். அப்படியே சேர்த்துத் தைத்தால் எட்டு அடுக்கு ஒன்றாகத் திரண்டு, உச்சியில் நான்கு முகடுகள் கூடும் இடம் கல்போல ஆகிவிடும். கம்பளியை எடுத்தபின் லினனோடு லினனைப் பின்தையலில் சேர்த்து, மிச்சத்தை இருபுறமும் விரித்துத் தைத்துப் படியவையுங்கள். முதலில் இரண்டிரண்டு இதழ்களாகச் சேர்த்து, பிறகு இரு பாதிகளையும் ஒரே தையலில் இணைப்பது சுலபம்.

ஓரத்தில் ஆட்டுத்தோல் பட்டையை மடித்துக் கட்டுங்கள். அணியும்போது இதழின் நடுப்பகுதி நெற்றிக்கு வரட்டும். தையல் நடுநெற்றியில் வந்தால் ஒரு மணி நேரத்தில் சிவந்த கோடு விழும். உச்சி உருண்டை காட்டிய தடிமன் தொப்பியைவிட அதிகம் என்றால், 10 செ.மீ. விட்டத்தில் ஒரு ஃபெல்ட் வளையம் வெட்டி (நடுவில் 4 செ.மீ. துளை) தொப்பியின் வெளிப்பக்கத்தில் தைத்துவிடுங்கள். துளை எதற்கென்றால், பாரம் மண்டையின் ஒரே புள்ளியில் இறங்காமல் வளையம் முழுக்கப் பரவும். கொஞ்சம் காற்றும் நிற்கும்.

கவசத்துக்குள் ஃபெல்ட் ஒட்டுதல்

நேரான பட்டை ஒன்றைச் சுற்றி ஒட்டலாம் என்று தோன்றும். கிண்ணம் மேலே குறுகுவதால் பட்டையின் மேல்விளிம்பு சுருங்கி மடியும். அதைவிட எட்டுத் துண்டுகளாக வெட்டுவது நல்லது: ஒவ்வொன்றும் கீழே 6.5 செ.மீ., மேலே 5 செ.மீ., உயரம் 6 செ.மீ. 66 செ.மீ. உட்சுற்றளவில் இவற்றுக்கு நடுவே ஏறக்குறைய 1.7 செ.மீ. இடைவெளி வரும். அந்த வழியாகத்தான் சூடு வெளியேறும். விளிம்பிலிருந்து 1 செ.மீ. உள்ளே தள்ளி ஒட்டுங்கள். வெளியே தெரியாது, மழை நீரும் உறிஞ்சி ஏறாது.

மாவு உருண்டைகள் சொன்ன கணக்கை இங்கே பயன்படுத்துங்கள். பக்கங்களில் இடைவெளி அதிகமென்றால் அங்கே மட்டும் இரண்டு அடுக்கு. நெற்றியில் இறுக்கமென்றால் அங்கே ஒட்டவே வேண்டாம். பின்மண்டையின் புடைப்புக்குக் கீழே, கிண்ணம் கழுத்தை நோக்கி இறங்கும் இடத்தில் ஒரு துண்டைக் கட்டாயம் வையுங்கள். கவசம் முன்னால் சரிவதைத் தடுப்பது நெற்றி மெத்தை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் தடுப்பது இந்தப் பின்துண்டுதான்.

பசைக்கு இரண்டு தேர்வு. காலத்துக்குப் பொருந்தியது தோல், எலும்பிலிருந்து எடுக்கும் வச்சிரம். எடைக்கு இருமடங்கு குளிர்ந்த நீரில் இரவு முழுக்க ஊறவைத்து, பாத்திரத்துக்குள் பாத்திரம் வைத்து 60 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குங்கள். கொதித்தால் வலு போய்விடும். கவசத்தைக் கைக்கு இதமாகச் சூடு தெரியும்வரை வெயிலில் வைத்துவிட்டுப் பூசுங்கள். குளிர்ந்த உலோகத்தில் பட்டதும் வச்சிரம் உறைந்து, பிடிக்காமலே உரிந்துவரும். அப்படிச் செய்தாலும் வியர்வையில் இளகும் குணம் அதற்கு உண்டு. நாள் முழுதும் நிற்கும் நிகழ்ச்சிகளுக்குச் செருப்புத் தைப்பவர்களின் ரப்பர் பசையே நடைமுறைக்கு ஏற்றது, யார் கண்ணிலும் படாது. இரு பக்கமும் மெல்லப் பூசி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருந்து அழுத்துங்கள். பிறகு மாற்றவேண்டுமானால் சூடான காற்று காட்டினால் இளகும்.

கன்னத்தகடும் கட்டும்

கன்னத்தகட்டைத் தாளில் வரைந்து, சுற்றிலும் 4 மி.மீ. குறைத்து வெட்டுங்கள். 1.5 மி.மீ. தோலோ, லினன் போர்த்திய 3 மி.மீ. ஃபெல்ட்டோ போதும். கீலுக்குக் கீழே 1 செ.மீ. வெற்றாக விடவேண்டும், இல்லாவிட்டால் தகடு மடங்காமல் சிறகுபோல விரிந்து நிற்கும். இங்கே தடிமன் கூடினால் தாடை அசையாது. கட்டிய நிலையில் வாய்திறந்து உரக்கக் கட்டளையிட முடிகிறதா என்று சோதியுங்கள்.

வார்கள் கழுத்துத்தகட்டின் அடியில் உள்ள வளையங்களிலிருந்து தொடங்கி, காதுக்குக் கீழே முன்னால் வந்து, கன்னத்தகட்டின் உட்பக்க வளையங்களில் நுழைந்து, மோவாய்க்கு அடியில் முடியும். கன்னத்தகடுகளை மட்டும் ஒன்றோடொன்று கட்டினால் கவசம் பின்னாலிருந்து தூக்கிக்கொள்ளும். வார் கழுத்தில் உராயும் இடத்தைக் கழுத்துத்துணி பார்த்துக்கொள்ளும்.

சோதனை

கட்டிக்கொண்டு அரை மணி நேரம் வீட்டு வேலை பாருங்கள். தலையைச் சட்டென்று இடம் வலம் திருப்புங்கள், குனிந்து தரையில் கிடப்பதை எடுங்கள், குதியுங்கள். கழற்றியதும் கண்ணாடியில் பாருங்கள்: சிவந்த பட்டை சுற்றிலும் மங்கலாக இருந்தால் நல்லது, ஓரிடத்தில் மட்டும் அழுத்தமான தடம் இருந்தால் அங்கே தடிமனைக் குறைக்கவேண்டும். வலிக்கும் இடத்தில் மேலும் மெத்தை வைப்பது எல்லோரும் முதலில் செய்வது. அது வலியைக் கூட்டும். அக்கம்பக்கத்தில் உயர்த்தினால்தான் அந்த இடம் விடுபடும். சூட்டு அணிவீர்கள் என்றால் அதோடும் ஒருமுறை சோதியுங்கள். மேலே ஏறும் பாரம் சரியாக நின்ற கவசத்தையும் சாய்க்கும்.

இந்த மெத்தை அணிவகுப்புக்கும் ஒத்திகை பார்த்த சண்டைக் காட்சிக்கும் போதுமானது. முழுவேகத்தில் தலையில் அடிக்கும் போட்டிகளுக்கு அல்ல. அங்கே அந்தந்த அமைப்பின் பாதுகாப்பு விதிப்படி, லினனுக்கு அடியில் மூடிய துளை ஃபோம் (நீர் உறிஞ்சாத நுரைப்பொருள்) போன்றவை தேவைப்படும்.

முகடுவைத்த பிற்காலக் கவசங்கள்

நான்காம் நூற்றாண்டின் இன்டர்சிசா வகையில் கிண்ணத்தின் விளிம்பு நெடுகச் சிறு துளைகள் இருக்கும். உள்ளுறையைத் தைத்துப் பிடிப்பதற்கு அவை பயன்பட்டன. ஆகவே இங்கே பசை வேண்டாம். 1 மி.மீ. ஆட்டுத்தோலை உட்சுற்றளவைவிட 2 செ.மீ. நீளமாக, 15 செ.மீ. அகலத்தில் வெட்டி, மேல்பாதியை ஆறு அல்லது எட்டு நாக்குகளாக்கி, நுனிகளைத் துளையிட்டு ஒரு மெல்லிய வாரால் சுருக்குங்கள். உயரத்தை அந்த வாரே முடிவுசெய்யும். தோலுக்கும் உலோகத்துக்கும் நடுவே கம்பளியை அடையுங்கள். தைப்பதற்கு முன் ஒவ்வொரு துளையையும் உருண்டை அரத்தால் மழுக்குங்கள். தவறினால் இரண்டாவது நிகழ்ச்சியிலேயே நூல் அறுந்து உறை தொங்கும்.

பராமரிப்பு

நிகழ்ச்சி முடிந்ததும் தொப்பியை வெளியே எடுத்து நிழலில் உலர்த்துங்கள். கவசத்துக்குள்ளேயே வைத்து மூட்டை கட்டினால் மறுநாள் துரு. வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்புடன் அலசலாம். சூடான நீரும் முறுக்கிப் பிழிவதும் கம்பளியைச் சுருக்கி, தொப்பியை ஓர் அளவு சிறிதாக்கிவிடும். ஓரம் கட்டிய தோல் காய்ந்ததும் லேசாக எண்ணெய் தொடுங்கள். பூச்சி அரிக்காமலிருக்க, நன்றாக உலர்ந்த பிறகு காற்றுப் புகாத பையில் வையுங்கள். ஃபெல்ட் துண்டுகள் நாளடைவில் படியும். வழக்கமான முடிச்சுக்கு வார் நீளமாகத் தோன்ற ஆரம்பித்தால் நெற்றிப் பக்கத்தை விட்டுவிட்டு முதலில் பின்துண்டை மாற்றிப் பாருங்கள்.